யுத்தப் படங்களும் மறைக்கப்பட்ட உண்மைகளும்

(அதிகம் வெளியில் தெரியாத யுத்தப் படங்களை வாரத்துக்கு ஒன்றாக ஐந்து வாரம் காட்டுவதென்று ஒரு மாணவர் திரைப்படக் கழகத்தார் ஏற்பாடு செய்து, அதன் தொடக்க நாளன்று கூட்டிய கூட்டத்தில் பேசியது.)



இந்தக் கூட்டத்தில் பேச வேண்டுமென்று இக்கழகத் தோழர்கள் வந்து கேட்டபோது நமக்குச் சிறிது தயக்கமாகத்தான் இருந்தது. ஏனென்றால், சினிமா என்பது மக்களின் காசையும் பொழுதையும் பாழாக்கி, இருக்கிற கொஞ்சநஞ்சப் புத்தியையும் மழுங்க வைப்பது என்று எத்தனையோ மேடைகளில் பேசி வந்திருக்கிற நாமே, சினிமாக் காட்டுகிற காரியத்தைத் தொடங்கி வைக்க வருவதென்றால், "இதென்னடா வேடிக்கை" என்று நீங்கள் கேட்பீர்கள் அல்லவா? ஆனால் இவர்கள் காட்டப் போகிற படங்களின் ஜாபிதாவைப் பார்த்த பிறகு, வராமல் இருப்பதுதான் தப்பு என்று தோன்றிற்று. ஆகவே வந்தோம்.

தோழர்களே! யுத்தப் படம் என்றால் நம் மக்களுக்கு உடனே என்ன ஞாபகம் வரும்? கதாநாயகன் ஒண்டியாக நின்று நூறு பேரைச் சுட்டுத் தள்ளுவான். அவன் மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் கால் மணி நேரம் வசனம் பேசுவான். பிறகு தாய் நாட்டை நினைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு சாவான். வெளியே வருகிற நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த யுத்தம் எப்போது வரும் என்று கேட்போம். இவர்கள் காட்டப் போவது அப்படிப்பட்ட படங்கள் அல்ல. ஆகையினால்தான் இவர்களுக்கு ஒரு பெரியவர் கடிதம் எழுதி, இந்தக் காரியத்தை நிறுத்திவிடும்படி புத்தி சொல்லியிருக்கிறார். கடிதத்தை நம்மிடம் காட்டினார்கள். அவர் பெயர் நமக்கு வேண்டியதில்லை. அவர் மரியாதையாகவே எழுதியிருக்கிறார். கேட்டிருக்கிற கேள்விகளும் ஊரில் பத்துப் பேர் கேட்கக் கூடியவைதான். ஆதலால் அவருக்குப் பதில் சொல்லுவதையே இன்றையப் பேச்சாக வைத்துக் கொள்ளுகிறோம்.

அவர் கேட்பது மூன்று கேள்விகள். முதலாவது, உலகமே புகழ்கிற யுத்தப் படங்கள் எத்தனையோ இருக்க, பேர் தெரியாத படங்களைத் தேடிப் பிடிப்பானேன்? நல்ல படமாயிருந்தால் பேர் வந்திராதா? இரண்டாவது, யுத்தத்தின் கோரத்தை வாலிபர்களுக்குக் காட்டினால் நாளைக்கு எவன் பட்டாளத்தில் சேருவான்? இது சிப்பாயை அவமதிப்பதாகாதா? மூன்றாவது, அயல் நாட்டான் சண்டையெல்லாம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு?

முதல் கேள்வியை எடுத்துக் கொள்ளுவோம்.

சந்தைக்கு மாடு ஓட்டி வருகிறவன் கொம்பைச் சீவி, வர்ணம் பூசி, கழுத்தில் சலங்கை கட்டித்தான் நிறுத்துவான். பின்னங்காலில் இருக்கிற புண்ணை அவனாகக் காட்டமாட்டான். மாடு பிடிக்கப் போகிறவன்தான் குனிந்து பார்க்க வேண்டும். யுத்தப் படமும் அப்படித்தான். ஒரு துண்டுப் பிரசுரம் போடுவதென்றால் ஏழையும் கடன் வாங்கிப் போட்டுவிடலாம். சினிமா அப்படியல்ல. எடுக்கப் பெரும் பணம் வேண்டும். தணிக்கைச் சீட்டு வேண்டும். காட்டக் கொட்டகை வேண்டும். கொட்டகைக்கு லைசென்சு வேண்டும். அதிலும் யுத்தப் படத்துக்கு டாங்கி வேண்டும், பீரங்கி வேண்டும், ஆகாய விமானம் வேண்டும். இவையெல்லாம் யாரிடம் இருக்கின்றன? அமெரிக்காவில் பட்டாளத்தின் தளவாடங்களை வாங்கிப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் தங்கள் கதையை முன்கூட்டி அந்நாட்டுப் பாதுகாப்பு இலாகாவிடம் காட்டிச் சம்மதம் பெறுவதென்பது வெகு காலத்து வழக்கம். நம் நாட்டிலும் இரண்டாவது உலக யுத்தத்தின்போது சர்க்காரின் யுத்தப் பிரசாரத்துக்கென்றே படங்கள் எடுக்கப்பட்டன. சேலம் மாடர்ன் தியேட்டர்சார் 1945இல் வெளியிட்ட 'பர்மா ராணி' அந்த ரகத்தைச் சேர்ந்ததுதான். இப்படியிருக்க, பேர் வந்தது நல்லது என்றும், வராதது கெட்டது என்றும் சொல்லுவது அறிவுடைமை ஆகுமா?

இதற்கு ஒரே தேசத்திலிருந்து இரண்டு உதாரணம் சொல்லுகிறோம். இரண்டும் உங்கள் ஜாபிதாவில் இருக்கின்றன.

முதல் வாரம் நீங்கள் பார்க்கப் போவது, 1916இல் இங்கிலாந்தில் வெளியான 'சோம் யுத்தம்' என்ற ஊமைப் படம். அந்த வருஷம் ஜூலை 1ந் தேதி பிரான்சு தேசத்தில் சோம் ஆற்றுப் பக்கம் பிரிட்டிஷ் பட்டாளம் ஒரு பெரும் தாக்குதலைத் தொடங்கிற்று. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் செத்தவர்கள் 19,240 பேர். காயப்பட்டவர்களையும் காணாமற் போனவர்களையும் சேர்த்தால் 57,470 பேர். மாலின்ஸ், மெக்டோவல் என்கிற இருவர் யுத்த இலாகாவின் சம்மதத்தோடு அங்கே போய்ப் பிடித்த படம் ஆகஸ்டு மாதமே கொட்டகைகளுக்கு வந்துவிட்டது. ஆறு வாரத்தில் சுமார் 2 கோடி டிக்கெட்டுகள் விற்றன என்கிறார்கள். அந்தத் தேசத்தின் ஜனத்தொகையில் ஏறக்குறையப் பாதி!

அந்தப் படத்தில் மிகவும் பேர் பெற்ற காட்சி எது தெரியுமா? சிப்பாய்கள் பதுங்குகுழியிலிருந்து மேலேறிப் பாய்வதும், அதில் ஒருவன் ஏறும்போதே குண்டு பட்டுச் சரிவதுந்தான். பார்த்தவர்கள் கொட்டகையிலேயே அலறினார்கள். ஆனால் அந்தக் காட்சி போர்க்களத்தில் எடுத்ததல்ல. பின்னால் இருந்த ஒரு பயிற்சிக்கூடத்தில் நடித்துக் காட்டியது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மேதை வேண்டுமா? எதிரியின் தோட்டா மழையாகப் பொழிகிற இடத்தில், காமிராவை நிறுத்திக் கைப்பிடியைச் சாவதானமாகச் சுற்றிக்கொண்டு ஒருவன் நின்றிருக்க முடியுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். சண்டைக்குப் போகிற சிப்பாயின் முதுகில் இருக்க வேண்டிய கனத்த மூட்டை எங்கே என்று பார்த்தாலும் போதும். இதனால் அந்தப் படம் முழுவதும் பொய் என்று நாம் சொல்லவில்லை. அதில் பெரும்பகுதி உண்மையாகவே களத்தில் பிடித்தது. பிணங்களும் உண்மையான பிணங்கள்தான். அதனால்தான் இந்த இடத்தில் அதிக எச்சரிக்கை வேண்டும் என்கிறோம். முழுப் பொய்யை யாரும் எளிதில் கண்டுகொள்ளலாம். பத்துப் படி அரிசியில் ஒரு பிடி கல்லைக் கலந்தால்தான் பல் உடைகிறது. இன்றைக்கு உங்கள் கையில் இருக்கிற செல்போனில், கம்ப்யூட்டர் விளையாட்டுக் காட்சியை உண்மை யுத்தம் என்று பரப்பியதும், அதை லட்சக்கணக்கானவர்கள் நம்பியதும் இந்தக் காலத்திலேயே நடந்திருக்கிறது அல்லவா?

அது சர்க்காருக்கு வேண்டிய படம். ஆறு வாரத்தில் ஊரெல்லாம் பார்த்தாய்விட்டது. அதே தேசத்தில் 1965இல் பீட்டர் வாட்கின்ஸ் என்பவர் பி.பி.சி. டெலிவிஷனுக்காக 'தி வார் கேம்', அதாவது 'யுத்த விளையாட்டு' என்று ஒரு படம் எடுத்தார். ஒரு மணி நேரங்கூட ஓடாத படம். இங்கிலாந்தின் மீது அணுகுண்டு விழுந்தால் கெண்ட் ஜில்லாவில் சாதாரணக் குடும்பங்கள் என்ன கதிக்கு ஆளாகும் என்பதைக் கற்பனையாக, ஆனால் கணக்கோடு காட்டுகிற படம். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் தனியாக உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு, பார்க்கச் சகிக்காத அளவு கோரமாக இருக்கிறது என்று சொல்லிப் பி.பி.சி. ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. அந்தப் படத்துக்கு அமெரிக்காவில் ஆஸ்கார் பரிசு கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகும் அந்நாட்டு டெலிவிஷனில் அது வருவதற்கு 1985ஆம் வருஷம் ஆயிற்று. இருபது வருஷம்! அணுகுண்டைச் செய்து வைத்துக் கொள்ளுவது கோரமில்லையாம். அது விழுந்தால் என்ன ஆகும் என்று குடிமகனுக்குக் காட்டுவதுதான் கோரமாம். பெரியவர் யோசிக்கட்டும். இந்தப் படத்துக்குப் பேர் வராதது படத்தின் குற்றமா?

இங்கிலாந்து மட்டுந்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மனியில் பாப்ஸ்ட் என்பவர் 1930இல் 'வெஸ்ட்பிரண்ட் 1918' என்ற பேசும் படத்தை எடுத்தார். நான்கு சாதாரணச் சிப்பாய்களின் கதை. அதில் ஒரு காட்சி. களத்திலிருந்து மகன் லீவில் வருகிறான். தாய் கடை வாசலில் சாப்பாட்டுச் சாமானுக்காக நீண்ட வரிசையில் நிற்கிறாள். மகன் தெருவோடு போவது தெரிகிறது. ஆனால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள முடியவில்லை. வரிசையை விட்டால் இடம் போய்விடும், அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது. தோழர்களே! ரேஷன் கடை வாசலில் நின்று பழகிய நம் தாய்மார்களுக்கு இந்தக் காட்சியை யாராவது விளக்கிச் சொல்ல வேண்டுமா? அந்தப் படத்தின் முடிவில் ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிற பிரெஞ்சுக்காரன், பக்கத்தில் செத்துக் கிடக்கிற ஜெர்மானியனின் கையைப் பிடித்துக்கொண்டு, இவன் என் பகைவன் அல்லன், தோழன் என்கிறான். 1933இல் ஹிட்லர் கூட்டம் பதவிக்கு வந்ததும் முதல் வருஷமே இந்தப் படத்தைத் தடை செய்தது. இதற்கு முன்பே, 1930 டிசம்பரில், இதே மாதிரியான ஓர் அமெரிக்கப் படத்தைப் பெர்லினில் காட்டியபோது, கோயபெல்சின் ஆட்கள் கொட்டகைக்குள் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டும், நாற்றக் குண்டு வீசியும் கலகம் செய்தார்கள். ஒரு வாரத்துக்குள் அதையும் தடுத்துவிட்டார்கள். எந்தக் கூட்டம் அடுத்த யுத்தத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்ததோ, அதே கூட்டந்தான் போன யுத்தத்தின் படத்தைக் கண்டு பயந்தது. இதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

இனி இரண்டாவது கேள்வி. இப்படங்கள் சிப்பாயை அவமதிக்கின்றனவா?

நாம் சொல்லுகிறோம். சிப்பாயை அவமதிப்பது அவன் பாட்டைக் காட்டுவதல்ல, மறைப்பதுதான். மூன்றாவது வாரம் ஒரு படம் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் ஜான் ஹூஸ்டன் என்பவர் பட்டாளத்தில் இருந்தபோது, அந்தப் பட்டாளத்துக்காகவே எடுத்த படம். பெயர் 'லெட் தேர் பி லைட்'. 'ஒளி உண்டாகட்டும்' என்று அர்த்தம். இரண்டாவது உலக யுத்தத்திலிருந்து உடம்பில் காயமில்லாமல், மனம் உடைந்து திரும்பிய சிப்பாய்களை ஓர் ஆஸ்பத்திரியில் வைத்து வைத்தியம் பார்த்ததைக் காட்டுகிறது. நடிகர்கள் கிடையாது. காலில் ஒரு குறையும் இல்லாமலே நடக்க முடியாதவன், நாக்கு இருந்தும் பேச முடியாதவன், தன் பெயரே மறந்து போனவன், இவர்களெல்லாம் உண்மையான சிப்பாய்கள். அமெரிக்கப் பட்டாளத்தில் களத்தில் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 20 பேர் இந்த விதம் என்று அந்தப் படமே சொல்லுகிறது. நம் ஊராயிருந்தால் இவர்களைப் பேய் பிடித்ததென்று வேப்பிலை அடித்திருப்பார்கள். அங்கே டாக்டர் உட்கார்ந்து பேசவைத்து, அழவைத்துச் சொஸ்தப்படுத்துகிறார். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து வைத்தியம் பெறுகிறார்கள்.

1946இல் படம் முடிந்தது. நியூயார்க்கில் காட்டப் போகிற சமயத்தில் ராணுவப் போலீசார் வந்து பிரதியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நோயாளிகளின் மானத்தைக் காப்பதற்காக என்று காரணம் சொன்னார்கள். ஹூஸ்டனோ, யுத்தத்துக்குப் போனவன் மேலும் வீரனாகவே திரும்பி வருவான் என்ற கட்டுக்கதை உடைந்துவிடுமே என்று பயந்துதான் தடுத்தார்கள் என்று பின்னால் எழுதினார். 'ஒளி உண்டாகட்டும்' என்று பேர் வைத்த படம் 1980ஆம் வருஷம் வரையில், அதாவது 34 வருஷம், இருட்டில் கிடந்தது! நாம் இந்தப் படத்தையும் அப்படியே நம்பிவிடச் சொல்லவில்லை. சில வாரத்தில் எல்லாரும் குணமாகிவிடுவதுபோல் அது காட்டுவது பட்டாளத்துக்குச் சாதகமான காட்டல்தான். அப்படியிருந்தும் அவர்களால் தாங்க முடியவில்லை.

கடைசி வாரப் படம் 'தியாரோய் முகாம்'. ஆப்பிரிக்காவில் செனகல் தேசத்தைச் சேர்ந்த உஸ்மான் செம்பேன் என்பவரும், தியெர்னோ ஃபாட்டி சோ என்பவரும் 1988இல் எடுத்தது. பிரெஞ்சு சர்க்காருக்காகச் சண்டை செய்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் 1940இல் ஜெர்மானியரிடம் கைதியாகி, வருஷக்கணக்காகச் சிறைமுகாம்களில் கிடந்து, 1944 நவம்பரில் டாக்கார் பட்டணத்துக்குப் பக்கத்தில் உள்ள தியாரோய் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் கேட்டது ராஜ்ஜியமா? இல்லை. பாக்கிச் சம்பளம். கூலிக்காரன் வேலை முடிந்து கூலி கேட்பது போலக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1ந் தேதி விடியற்காலையில் முகாமைச் சுற்றி வளைத்து, அவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். செத்தவர்கள் 35 பேர் என்று சர்க்கார் கணக்கு எழுதியது. அதைவிட எத்தனையோ அதிகம் என்று சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள். இதோடு விட்டார்களா? தப்பிப் பிழைத்தவர்களில் 34 பேரைப் பிடித்துக் கலகம் செய்தார்களென்று தண்டித்துச் சிறையிலும் போட்டார்கள்.

இந்தப் படத்துக்குப் பிரெஞ்சுப் பணம் ஒரு காசு வாங்கவில்லை. செனகல், அல்ஜீரியா, டுனீசியா ஆகிய ஆப்பிரிக்க தேசங்களே சேர்ந்து எடுத்தன. வெனிஸ் பட விழாவில் பரிசு கொடுத்தார்கள். பிரான்சிலோ அது பல வருஷம் திரையிடப்படாமலே கிடந்தது. அங்கே நடந்தது படுகொலைதான் என்று பிரெஞ்சு ஜனாதிபதி எழுத்தில் ஒப்புக்கொண்டது எப்போது தெரியுமா? 2024 நவம்பரில். சம்பவம் நடந்து 80 வருஷத்துக்குப் பிறகு! சம்பளம் கேட்டவன் பேரனுக்கும் பேரன் பிறந்திருப்பான்.

"படம் பார்த்து என்ன ஆகிவிடும்?" என்று கேட்கிற தோழர்களுக்கும் ஒரு சங்கதி சொல்லுகிறோம். பிரான்சுக்காகச் சண்டை செய்த மொராக்கோ முதலிய தேசத்துச் சிப்பாய்களின் பென்ஷனை 1959இல் ஒரு சட்டம் போட்டு, இருந்த அளவிலேயே உறையவைத்து விட்டார்கள். கூட நின்று சண்டை செய்த பிரெஞ்சுக்காரனுக்கு விலைவாசிக்குத் தக்கபடி ஏறும், இவனுக்கு ஏறாது. குண்டு தோல் நிறம் பார்த்துப் பாயவில்லை. பென்ஷன் மட்டும் பார்த்துப் பாய்ந்தது! 2006இல் ரஷீத் பூஷாரெப் என்பவர் அந்தச் சிப்பாய்களைப் பற்றி 'இந்திஜேன்' என்று ஒரு படம் எடுத்தார். அதைப் பார்த்த ஜனாதிபதி ஷிராக், படம் வெளியான சமயத்திலேயே அந்தப் பென்ஷன்களைச் சமமாக்குவதாக அறிவித்தார். ஏறக்குறைய ஐம்பது வருஷ மனுக்கள் செய்யாததை ஒரு படம் செய்தது. ஆகவே, சிப்பாயிடம் மரியாதை உள்ளவர் யார்? அவன் பாடையின் மேல் பூப்போட்டுவிட்டுப் போகிறவரா, அவன் சம்பளத்தைக் கேட்கிறவரா?

மூன்றாவது கேள்வி, அயலான் சண்டை நமக்கெதற்கு என்பது. இது நம் சண்டையாக இல்லாமல் எப்போது இருந்தது? இரண்டாவது உலக யுத்தத்தில் மட்டும் இந்தியாவிலிருந்து 25 லட்சம் பேர் பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்தார்கள். 87,000 பேர் மாண்டார்கள். அவர்களைப் பற்றி உலகம் புகழும் யுத்தப் படங்கள் எத்தனை பார்த்தீர்கள்?

பெரியவருக்குப் பிடித்த, பேர் பெற்ற படம் ஒன்றையே எடுத்துக் கொள்ளுவோம். 1957இல் வந்த 'க்வாய் நதிப் பாலம்'. கடிதத்தில் அவரே பெயர் சொல்லிப் புகழ்ந்திருக்கிறார். ஏழு ஆஸ்கார் பரிசு வாங்கியது. இலங்கையில் கித்துல்கல என்ற இடத்தில் களனி ஆற்றின்மேல் பாலம் கட்டி எடுத்தார்கள். படம் நன்றாகவே இருக்கும். ஆனால் அது காட்டுவது வெள்ளைக்காரக் கைதிகளின் கதை. உண்மையில் 1942, 1943ஆம் வருஷங்களில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது, வேலை வாங்கப்பட்ட யுத்தக் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அது கொடுமைதான். ஆனால் அவர்களோடு ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 2 லட்சம் பேரும் அங்கே இருந்தார்கள். அதில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்திழுத்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். காலராவும் பட்டினியும் அடியுமாக அவர்கள் செத்த கணக்கு, குறைந்த மதிப்புப்படி பார்த்தாலும், கைதிகள் செத்த கணக்கைப்போல் பல மடங்கு. கஞ்சனபுரியில் யுத்தக் கைதிகளுக்கு அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெயர் வெட்டிய கல். அது இருக்க வேண்டியதுதான். தமிழ்க் கூலிக்குக் கல் எங்கே? பெயர் எங்கே? ஏழு ஆஸ்கார் வாங்கிய படத்தில் அவன் கதையைத் தேடினால் கிடைக்காது. அந்தப் படம் முழுவதும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, விசிலடித்துக்கொண்டு வெளியே வந்த தமிழனுக்கு, தன் பாட்டன் அதில் காணவில்லை என்பதுகூடத் தோன்றவில்லையே! இதனால்தான், தெரியாத படங்களைத் தேடவேண்டும் என்பதோடு, தெரிந்த படத்திலும் தெரியாமல் விடப்பட்டவனைத் தேடவேண்டும் என்கிறோம்.

ஆகையால் மாணவத் தோழர்களே! கடிதம் எழுதிய பெரியவர்மேல் கோபப்படாதீர்கள். அவரை முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் படத்தைக் காட்டுங்கள். ஒவ்வொரு படமும் முடிந்ததும் விளக்கைப் போட்டு, கதவைச் சாத்தாமல், ஒரு மணி நேரம் பேசுங்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். இதற்குப் பணம் கொடுத்தவன் யார்? காமிரா எங்கே நின்றது? இதில் காட்டாமல் விடப்பட்டவன் யார்? இதைத் தடுத்தவன் யார், எதற்காக? ஐந்து வாரம் முடிந்ததும் இந்தப் படங்களைப் பட்டணத்தோடு நிறுத்திவிடாமல், பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிற கிராமங்களுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். தமிழில் பக்கத்தில் நின்று சொல்லிக் காட்டுங்கள். அங்கே பென்ஷனுக்காக நடையாய் நடக்கிற கிழவர் ஒருவராவது இருப்பார். படம் முடிந்ததும் அவரைப் பேசவிட்டு, அவர் சொல்லுவதை எழுதி வையுங்கள். உங்கள் ஆறாவது படம் அங்கேதான் இருக்கிறது.

நாம் சொன்னதையும் நாம் சொன்னோம் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். அடுத்த வாரம் முதல் படம். நேரில் பார்த்து, நாம் சொன்னதில் எது சரி, எது தப்பு என்று நீங்களே முடிவு செய்யுங்கள். தப்பாயிருந்தால் இதே மேடையில் நம்மைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வந்து பதில் சொல்லுகிறோம்.